உடலுழைப்பும் இரத்தப் புற்றுநோயும்

காலரா தூய குடிநீரால் கட்டுப்பட்டது. பெரியம்மை தடுப்பூசியால் உலகை விட்டே அகன்றது. நுரையீரற் புற்றுநோய்க்கும் புகையிலைக்கும் உள்ள உறவு ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. இத்தகைய வெற்றிகளின் பயனாக, நோய் வருமுன் காத்தல் இயலும் என்ற நம்பிக்கை மக்களிடையே வளர்ந்திருக்கிறது. எனினும் இரத்தப் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த நம்பிக்கை தளர்ந்துவிடுகிறது. அது காரணமின்றி வருவது, வருமுன் காக்க ஏதும் செய்ய இயலாது என்பதே பலரது எண்ணம். இவ்வெண்ணம் முற்றிலும் சரியா, அன்றாட உடலுழைப்புக்கு இந்நோயைத் தடுப்பதில் ஏதேனும் பங்கு உண்டா என்னும் வினாக்களுக்கு அறிவியல் இதுவரை கண்டுள்ள விடைகளை எடுத்துரைப்பதும், அவ்விடைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை ஆராய்வதும் இவ்வுரையின் நோக்கமாகும்.

பொதுச் சுகாதாரத் துறையில் இவ்வினாவுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று உறுப்புகளின் புற்றுநோய்களைத் தொடக்கத்திலேயே கண்டறிய, 30 வயதைக் கடந்தவர்களுக்கு நம் நாட்டில் பரிசோதனைத் திட்டம் நடைமுறையில் உள்ளது. இரத்தப் புற்றுநோய்களுக்கு அவ்வாறு மக்கள்தொகை முழுவதற்கும் பயன்படக்கூடிய முன்னறி பரிசோதனை எதுவும் இல்லை. முன்னரே கண்டறிய வழியில்லாத நோயைத் தடுக்க ஒரு சிறு வழி இருப்பினும் அதை ஆராய்ந்து பார்க்க வேண்டியது கடமையாகிறது.

ஒரு பெயர், பல நோய்கள்

இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. எலும்பின் உள்ளே அமைந்த மஜ்ஜையே குருதியணுக்களின் பிறப்பிடம். அங்குள்ள மூல உயிரணுக்கள் ஓயாது பிளவுற்று, நாள்தோறும் ஏறத்தாழ 20,000 கோடிச் சிவப்பணுக்களை உண்டாக்குகின்றன. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் இவற்றுக்குப் புறம்பானவை. இவ்வளவு பெரிய உற்பத்தியில் மரபணுப் பிழைகள் நேர்வது இயற்கை. பெரும்பாலான பிழைகள் தீங்கற்றவை. சில பிழைகள் மட்டும் ஓர் உயிரணுவைக் கட்டுப்பாடின்றிப் பெருகச் செய்கின்றன.

வெள்ளணுக்களோ அவற்றின் முன்னோடி அணுக்களோ மஜ்ஜையிலும் குருதியிலும் அளவிறந்து பெருகுவது லுகேமியா எனப்படும். 1845ஆம் ஆண்டில் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட்டும், பெர்லினில் ருடால்ஃப் விர்ஷோவும் தனித்தனியே இந்நோயை விவரித்தனர். லுகேமியா என்ற பெயரை இட்டவர் விர்ஷோவே. அணுவின் வகையைக் கொண்டு இது மயலாய்டு எனவும் லிம்ஃபாய்டு எனவும், நோயின் வேகத்தைக் கொண்டு கடுமையானது எனவும் நாட்பட்டது எனவும் பிரிக்கப்படும். நிணநீர் முடிச்சுகளில் தோன்றுவது லிம்போமா. எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா அணுக்கள் மஜ்ஜையில் பெருகி எலும்பை அரிப்பது மயலோமா.

இப்பிரிவுகளை மாணவர்கள் நினைவிற் கொள்வது இன்றியமையாதது. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் கடுமையான லிம்ஃபாய்டு லுகேமியாவும், முதியோரிடம் காணப்படும் மயலோமாவும் பெயரளவில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காரணத்திலும் போக்கிலும் வெவ்வேறானவை. ஆதலின் 'உடற்பயிற்சி இரத்தப் புற்றைத் தடுக்குமா?' என்று பொதுவாகக் கேட்பதைக் காட்டிலும், எவ்வகைப் புற்றை, எவ்வயதினரிடம் என்று பிரித்துக் கேட்பதே முறையாகும்.

வினா பிறந்த வரலாறு

உடலுழைப்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையால் அளக்கும் முயற்சி, புற்றுநோயில் தொடங்கவில்லை, இதயநோயில் தொடங்கியது. 1953ஆம் ஆண்டில் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞர், லண்டன் மாநகரின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியோரை ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டார். ஓட்டுநர் வேலை நேரம் முழுவதும் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ நாள்தோறும் நூற்றுக்கணக்கான மாடிப்படிகளை ஏறி இறங்குபவர். ஒரே நிறுவனம், ஒரே நகரம். இருந்தும் நடத்துநர்களைவிட ஓட்டுநர்களே மாரடைப்புக்கு மிகுதியாக ஆளாயினர்.

இக்கதையின் இரண்டாம் பகுதி அவ்வளவாகப் பரவவில்லை. மாரிஸும் அவருடைய தோழர்களும் 1956ஆம் ஆண்டில், பணியாளர்களுக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் அளவுப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தனர். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு, நடத்துநர்களின் அளவைவிடப் பெரிதாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இளம் வயதிலேயே அவ்வேறுபாடு தென்பட்டது. ஆகவே அமர்ந்த வேலை நோயைத் தந்ததா, அல்லது நோய்க்கு இலக்காகக் கூடிய உடல்வாகு கொண்டோர் அமர்ந்த வேலையை நாடினரா என்ற ஐயம் எழுந்தது. தம் முடிவைத் தாமே சோதித்துப் பார்த்த இந்த நேர்மை, பின்னால் வந்த ஆய்வாளர்கள் அனைவருக்கும் பாடமாயிற்று. இரத்தப் புற்றுநோய் ஆய்வுகளைப் படிக்கும்போதும் இதே ஐயத்தை முன்வைத்தே படிக்க வேண்டும்.

14 லட்சம் பேரிடம் கண்ட முடிவு

அடுத்து வந்த பத்தாண்டுகளில் பெருங்குடல், மார்பகம், கருப்பை உட்சுவர் ஆகியவற்றின் புற்றுநோய்களுக்கும் உடலுழைப்புக்கும் உள்ள உறவு ஓரளவு உறுதிப்பட்டது. இரத்தப் புற்றுநோய்களில் மட்டும் சிக்கல் நீடித்தது. இவை அரிதாக நிகழ்பவை, உட்பிரிவுகளோ பல. பத்தாயிரம் பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தாலும், ஒவ்வோர் உட்பிரிவிலும் விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளிகளே தேறுவர். அவ்வளவு சிறிய எண்ணிக்கையைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது.

இக்குறையை நீக்க, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடைபெற்ற 12 தொடர் ஆய்வுகளின் தரவுகள் ஒன்றுசேர்க்கப்பட்டன. 14 லட்சத்து 40 ஆயிரம் பேரின் ஓய்வுநேர உடற்செயல்பாடும், பின்னாளில் அவர்களுக்கு ஏற்பட்ட 26 வகைப் புற்றுநோய்களும் ஒப்புநோக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு, உடற்செயல்பாடு மிகுந்தவர்களிடம் 13 வகைப் புற்றுநோய்கள் குறைவாகக் காணப்பட்டதைத் தெரிவித்தது. அவற்றுள் இரண்டு, குருதியைச் சார்ந்தவை. மயலாய்டு லுகேமியாவின் இடர் 20 விழுக்காடும், மயலோமாவின் இடர் 17 விழுக்காடும் குறைந்திருந்தன. லிம்போமாக்களும் லிம்ஃபாய்டு வகை லுகேமியாவும் அந்த 13 என்ற பட்டியலில் இடம்பெறவில்லை.

இதற்கு இரண்டாண்டு முன்னர், 2014இல், பல்வேறு ஆய்வுகளைத் தொகுத்து வெளியான மற்றொரு பகுப்பாய்வு, லிம்போமாக்களை ஒருசேரக் கணக்கிட்டபோது ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு இருப்பதாகக் கூறியது. லுகேமியாக்களை ஒருசேரக் கணக்கிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை. இரு பெரும் தொகுப்புகளும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை என்பது தெளிவு. 2018ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் உடற்செயல்பாட்டு வழிகாட்டிக்கென அமைந்த அறிவியற் குழு, சான்றுகள் அனைத்தையும் எடைபோட்டது. பெருங்குடல், மார்பகம், சிறுநீரகம், சிறுநீர்ப்பை முதலியவற்றில் சான்று வலுவானது என்றும், குருதிப் புற்றுகளில் சான்று வரம்புக்குட்பட்டது என்றும் அது வகைப்படுத்தியது. இன்றும் இவ்வகைப்பாடே இத்துறையின் நிலையைச் சரியாகக் காட்டுவதாகக் கொள்ளலாம்.

எண்களைப் படிக்கும் முறை

இடர் 20 விழுக்காடு குறைகிறது என்னும் சொற்றொடர் செய்தித்தாளில் தலைப்பாக வரும்போது, உடற்பயிற்சி செய்வோரில் நூற்றுக்கு இருபது பேர் புற்றுநோயிலிருந்து தப்புகின்றனர் எனப் பலர் பொருள் கொள்கின்றனர். அது தவறு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். உடலுழைப்புக் குறைந்த ஒரு லட்சம் பேரில் ஆண்டுதோறும் 5 பேருக்கு ஒரு நோய் வருவதாக வைத்துக்கொண்டால், 20 விழுக்காடு குறைவு என்பது அந்த 5 பேர் 4 ஆவதைக் குறிக்கும். ஒரு லட்சம் பேரில் ஓராண்டில் ஒருவர் காக்கப்படுகிறார். 20 லட்சம் பேர் வாழும் ஒரு மாவட்டத்தில் அது 20 பேர். தனி ஒருவரின் நோக்கில் இப்பயன் மிகச் சிறிது. ஒரு நாட்டின் நோக்கில் அது புறக்கணிக்கத்தக்கதன்று. இவ்விரு நோக்குகளையும் குழப்பாதிருத்தல், நலத்திட்டங்களை வகுக்கும் அலுவலருக்கு முதல் தேவை.

இரண்டாவதாக, காரணமும் விளைவும் இடம் மாறித் தோன்றும் இடர்ப்பாடு உண்டு. மயலோமா ஓரிரவில் வருவதன்று. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பிளாஸ்மா அணுக்களின் ஒரு கூட்டம் மஜ்ஜையில் அமைதியாகப் பெருகி, ஒரே வகைப் புரதத்தைக் குருதியில் கலக்கச் செய்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்த ஆய்வில், 50 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரிடம் இந்த முன்னிலை காணப்பட்டது. இவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் ஒருவர் என்ற அளவிலேயே அது நோயாக முற்றுகிறது. நோய் வெளிப்படுவதற்கு முந்திய காலத்திலேயே இரத்தசோகை, சோர்வு, முதுகுவலி ஆகியன தோன்றக்கூடும். அத்தகையவர் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டால், பின்னர் கணக்கெடுப்பவருக்கு 'நடக்காததால் நோய் வந்தது' என்றே தோன்றும். உண்மையில் நோய் வந்துகொண்டிருந்ததால்தான் அவர் நடக்கவில்லை. இதனைக் களைய, கண்காணிப்பின் முதல் சில ஆண்டுகளில் நோயுற்றவர்களை நீக்கிவிட்டு மறுபடியும் கணக்கிடுவது ஆய்வாளர் வழக்கம்.

மூன்றாவதாக, உடற்பயிற்சி செய்பவர் வேறு பல வகைகளிலும் பிறரினின்றும் வேறுபட்டவராக இருப்பார். அவர் புகைபிடிப்பது குறைவு, உடற்பருமன் குறைவு, மருத்துவரை நாடும் வாய்ப்பு மிகுதி. புகைபிடித்தல் மயலாய்டு லுகேமியாவுக்கும், உடற்பருமன் மயலோமாவுக்கும் காரணிகளாக ஏற்கப்பட்டவை. 2016ஆம் ஆண்டு ஆய்வில் உடல் எடையைக் கணக்கில் கொண்ட பின்னரும் 13 வகைகளில் 10 வகைகளில் தொடர்பு நிலைத்தது என்பது உண்மையே. ஆயினும் அதே ஆய்வு, மெலனோமா என்னும் தோல் புற்றுநோய், உடற்செயல்பாடு மிகுந்தவர்களிடம் 27 விழுக்காடு கூடுதலாக இருந்ததையும் காட்டியது. ஓடுவது தோலைக் கெடுக்கிறது என்று எவரும் கொள்வதில்லை. வெண்ணிறத் தோலினர் வெட்டவெளியில் கதிரவன் ஒளியில் நெடுநேரம் இருந்ததன் விளைவு அது என்பதே பொருத்தமான விளக்கம். ஒரு தொடர்பு பாதகமாக இருக்கும்போது மறைந்துள்ள காரணியைத் தேடுபவர், தொடர்பு சாதகமாக இருக்கும்போதும் அதே அக்கறையுடன் தேடுவதே நேர்மையாகும்.

உடலினுள் நிகழ்வது என்ன?

எண்ணிக்கை காட்டும் தொடர்புக்கு உடலியல் விளக்கம் கிடைத்தால் அதன் நம்பகத்தன்மை கூடும். அவ்வகையில் சில வழிகள் அறியப்பட்டுள்ளன.

முதலாவது, அழற்சி. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புத் திசு, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை ஓயாது சுரக்கிறது. அவற்றுள் ஒன்றான இன்டர்லூக்கின்-6, மயலோமா அணுக்களின் வளர்ச்சிக்கு ஊட்டம் என்பது 1988ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்களால் காட்டப்பட்டது. இங்கு வியப்பான ஒரு செய்தி உண்டு. உழைக்கும் தசையும் இதே பொருளைக் குருதியில் சேர்க்கிறது. எனினும் தசை சுரப்பது சில மணி நேரமே நிலைத்து, அதைத் தொடர்ந்து அழற்சியை அடக்கும் பொருள்கள் எழுகின்றன. கொழுப்புத் திசு சுரப்பதோ ஆண்டுக்கணக்கில் குறையாது நிற்கிறது. தொடர்ந்து உழைப்பவரிடம் ஓய்வுநிலை அழற்சி குறைவாக இருப்பது இதனாலேயே எனக் கருதப்படுகிறது.

இரண்டாவது, இன்சுலின். உடலுழைப்பு தசைகளின் இன்சுலின் ஏற்புத்திறனைக் கூட்டுவதால், குருதியில் இன்சுலின் அளவு தணிகிறது. இன்சுலினும் அதனை ஒத்த வளர்ச்சிக் காரணிகளும் அணுப் பெருக்கத்தைத் தூண்டுபவை. மூன்றாவது, நோய் எதிர்ப்பாற்றல். வேகமாக நடந்தாலோ ஓடினாலோ, பழுதுற்ற அணுக்களைத் தேடி அழிக்கும் இயற்கைக் கொல்லணுக்கள் குருதியோட்டத்தில் உடனே மிகுகின்றன.

நான்காவது வழி மஜ்ஜையையே சார்ந்தது. 2019ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சுழற்சக்கரத்தில் ஓடவிடப்பட்ட எலிகளிடம், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற பொருள் குறைந்ததும், அதன் வழியே மஜ்ஜையின் மூல உயிரணுக்கள் தேவையின்றிப் பெருகுவது தணிந்ததும் காணப்பட்டன. இஃது இதயநோயை முன்னிட்டு நடந்த ஆய்வு. எனினும் குருதியணு உற்பத்தியின் வேகத்தையே உடற்பயிற்சி மாற்றக்கூடும் என்பதை அது உணர்த்திற்று. முதுமையில் மூல உயிரணுக்களில் மரபணுப் பிழையுடைய ஒரு கிளை மட்டும் தழைத்தோங்குவது, 70 வயதைக் கடந்தோரில் பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் நிகழ்கிறது என 2014இல் வெளியான ஆய்வுகள் தெரிவித்தன. அவர்களுள் மிகச் சிலருக்கே பின்னர் புற்றுநோய் வருகிறது. அக்கிளையின் வளர்ச்சியை உடலுழைப்பு தடுக்குமா என்பது இன்றைய ஆய்வின் முக்கிய வினாக்களுள் ஒன்று.

உறுதியாக அறியப்பட்ட காரணிகள்

உடலுழைப்பைப் பற்றிப் பேசும்போது, ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டப்பட்ட காரணிகளை மறந்துவிடலாகாது. முதலாவது கதிர்வீச்சு. ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் 1945இல் அணுகுண்டுக்குத் தப்பியவர்களிடம் சில ஆண்டுகளிலேயே லுகேமியா பெருகத் தொடங்கி, 1950களின் தொடக்கத்தில் உச்சத்தை எட்டியது. அடுத்தது பென்சீன். துருக்கியின் இஸ்தான்புல் நகரில், பென்சீன் கலந்த பசையைக் கையாண்ட காலணித் தொழிலாளர்களிடம் லுகேமியா மிகுந்திருப்பதை முசாஃபர் அக்சாய் என்ற மருத்துவர் 1970களில் எடுத்துக்காட்டினார். காற்றோட்டமற்ற சிறு பட்டறைகளில் நாள் முழுதும் வேலை செய்தவர்கள் அவர்கள். எவ்வளவு உடற்பயிற்சியும் அவர்களைக் காத்திருக்காது. அவர்களுக்குத் தேவைப்பட்டது பசையில் மாற்றமும், சாளரமும், சட்டமுமே. வேளாண்மையில் பயன்பட்ட லிண்டேன் என்னும் பூச்சிக்கொல்லி, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாவுக்குக் காரணி என 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையால் வகைப்படுத்தப்பட்டது. சில வைரசுக் கிருமிகளும் இப்பட்டியலில் அடங்கும்.

இவ்வளவும் கூறிய பின்னரும், இரத்தப் புற்றுநோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் குறிப்பிட்டுச் சொல்லத்தக்க காரணம் ஏதும் காணப்படுவதில்லை. குழந்தைகளுக்கு வரும் லுகேமியா, அவர்கள் விளையாடினார்களா இல்லையா என்பதைப் பொறுத்ததன்று. பெற்றோரின் கவனக்குறைவும் அதற்குக் காரணமாகாது. தடகள வீரருக்கும் இந்நோய் வரலாம்; நாற்காலியை விட்டு எழாதவருக்கு வராமலும் போகலாம். தடுப்புக் கருத்துகளைப் பரப்பும்போது நோயுற்றவர்மீது பழி சுமத்தும் தொனி புகுந்துவிடாமல் காப்பது, சுகாதாரப் பணியாளரின் பொறுப்பாகும். 'ஒழுங்காக நடந்திருந்தால் வந்திருக்காது' என்ற ஒரு சொல், மருந்தின் துன்பத்தினும் மிகுந்த துன்பத்தைத் தரவல்லது. அறிவியல் அச்சொல்லுக்கு இடம் கொடுக்கவுமில்லை.

இந்தியச் சூழல்

நம் நாட்டில் புற்றுநோய்க் கணக்கெடுப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டமாக 1981ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பெங்களூர், பம்பாய், சென்னை ஆகிய நகரங்களின் மக்கள்தொகைப் பதிவேடுகள் அதன் தொடக்கத் தூண்களாயின. இப்பதிவுகளை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் எல்லா வகைப் புற்றுநோய்களாலும் புதிதாகப் பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 14 லட்சத்து 60 ஆயிரம் பேர்.

உடலுழைப்பின் நிலை கவலை தருவதாக உள்ளது. தமிழ்நாடு, மகாராட்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் நடைபெற்று 2014இல் வெளியான ஆய்வு, 54 விழுக்காட்டினர் போதிய உடற்செயல்பாடு அற்றவர்கள் என்றும், ஓய்வுநேரத்தில் உடற்பயிற்சியோ விளையாட்டோ மேற்கொள்வோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்றும் கண்டது. 2024இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, போதிய உடலுழைப்பற்ற இந்திய வயதுவந்தோர் 2000ஆம் ஆண்டில் 22 விழுக்காடு. 2022இல் ஏறத்தாழ 49 விழுக்காடு. பெண்களில் இது 57 விழுக்காடு, ஆண்களில் 42 விழுக்காடு.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். மேலைநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் அளந்தது ஓய்வுநேர உடற்செயல்பாட்டை. நெல்வயலில் குனிந்து நாற்று நடும் பெண்ணும், செங்கல் சுமக்கும் தொழிலாளியும் செய்வது வேறு வகை உழைப்பு. அவ்வுழைப்பில் ஓய்வு அவர்கள் விருப்பத்தில் இல்லை, ஊட்டமும் போதுவதில்லை, புழுதியும் பூச்சிமருந்தும் கூடவே வருகின்றன. ஓய்வுநேர உடற்பயிற்சியில் கண்ட பயன் இத்தகைய கூலியுழைப்பிலும் அவ்வாறே கிட்டும் எனக் கொள்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை. 'உழைப்பவர்க்கு நோயில்லை' என்ற ஆறுதலுடன் உழைப்பாளரின் உடல்நலத்தைக் கவனியாது விடுவது நீதியாகாது. அதேபோல், பெண்களிடம் உடற்செயல்பாடு குறைவாக இருப்பதை அவர்களது ஆர்வக்குறைவு என்று கூறி ஒதுக்குவதும் தவறு. வீட்டுவேலை முடிந்தபின் நேரமில்லாமையும், விளக்கில்லாத தெருவும், நடைபாதையற்ற சாலையும் அதற்குக் காரணங்களே.

செய்யத்தக்கவை

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, வயதுவந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடற்செயல்பாடோ, 75 முதல் 150 நிமிடங்கள் வரை கடும் உடற்செயல்பாடோ மேற்கொள்ள வேண்டும் என்கிறது. வாரத்தில் இருநாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும், சிறுவர்க்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட விளையாட்டும் அதில் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. நாளைக்கு அரைமணி நேரம் வீதம் வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடந்தால் முதல் அளவு நிறைவுறும். இதற்குப் பொருட்செலவு ஏதும் இல்லை. இந்திய அரசு 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், தேசிய விளையாட்டு நாளன்று, ஃபிட் இந்தியா இயக்கத்தைத் தொடங்கியதும் இந்நோக்கத்துடனேயே.

இவ்வியக்கத்தின் பயனை மக்களுக்கு எடுத்துரைக்கும்போது, இதயநோய், நீரிழிவு, பெருங்குடற் புற்று, மார்பகப் புற்று ஆகியவற்றை முதன்மைக் காரணங்களாகக் கூறுவதே முறை. அவற்றில் சான்று வலுவானது. காக்கப்படுவோர் எண்ணிக்கையும் பெரிது. மயலாய்டு லுகேமியாவும் மயலோமாவும் ஒருவேளை குறையக்கூடும் என்பது அதனோடு கிடைக்கும் கூடுதல் நன்மை. இந்த வரிசையை மாற்றி, நடைப்பயிற்சியால் இரத்தப் புற்று வராது என்று சுவரொட்டி எழுதினால், முதல் நோயாளியைக் கண்டதும் மக்கள் நம்பிக்கை இழப்பர். மெய்ப்பிக்கப்பட்ட பயன்களையும் சேர்த்தே ஐயுறுவர்.

அலுவலர்களின் பணி அறிவுரையோடு நின்றுவிடுவதன்று. பள்ளியில் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்திற்கு ஈடாகக் கொடுத்துவிடாமல் காப்பது, நகராட்சியில் நடைபாதையை நடப்போருக்கே உரியதாக்குவது, பூங்காவில் மாலைக்குப் பின்னும் விளக்கு எரியச் செய்வது ஆகியன சிறு செயல்களே. எனினும் ஒரு நகரம் நடப்பதா அமர்வதா என்பதை முடிவு செய்பவை இவையே. மறுபுறம், 2009ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகோல்களில், பென்சீனுக்கு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற ஆண்டுச் சராசரி வரம்பு உள்ளது. பெட்ரோல் நிலையங்களிலும் சாயப் பட்டறைகளிலும் அத்தகைய ஆவிகளைக் கட்டுப்படுத்துவதும், பூச்சிமருந்து தெளிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் கிடைக்கச் செய்வதும் இரத்தப் புற்றுத் தடுப்பில் அடங்கும். இவை தனிமனிதரின் மனவுறுதியால் நடைபெறாதவை. நிருவாகத்தின் கடமையால் நடைபெற வேண்டியவை.

நோயுற்றோருக்கும் உடலுழைப்பு பயன்படுகிறது. புற்றுநோயாலும் சிகிச்சையாலும் வரும் கடுஞ்சோர்வை, அளவான பயிற்சி குறைக்கிறது என்பது நன்கு நிலைநாட்டப்பட்ட செய்தி. பெருங்குடற் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 889 பேரிடம் நடத்தப்பட்டு 2025இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனையில், முறையான பயிற்சி பெற்றோரில் 80 விழுக்காட்டினரும், ஏனையோரில் 74 விழுக்காட்டினரும் ஐந்தாண்டின் முடிவில் நோயின்றி வாழ்ந்தனர். இத்தகைய உறுதியான சோதனை, இரத்தப் புற்றுத் தடுப்பில் இதுவரை நடைபெறவில்லை. அரிதான நோய்க்கு அதை நடத்துவதும் எளிதன்று. தட்டணுக்கள் குறைந்தவருக்குக் குருதிக்கசிவும், மயலோமாவால் எலும்பு நலிந்தவருக்கு முறிவும் நேரக்கூடுமாதலால், இந்நோயாளிகள் எத்தகைய பயிற்சியையும் மருத்துவரின் ஆலோசனையுடனேயே மேற்கொள்ள வேண்டும்.

தொகுத்துக் கூறின், உடலுழைப்பு சிலவகை இரத்தப் புற்றுநோய்களின் இடரைச் சிறிதளவு குறைக்கக்கூடும்; அதற்கான சான்று வளர்ந்து வருகிறது, இன்னும் முழுமை பெறவில்லை. இம்முடிவை உள்ளவாறே சொல்வதால் எவருக்கும் இழப்பில்லை. நடப்பவர் பிற நோய்களினின்று பெறும் பாதுகாப்பு உறுதியானது. இந்திய மக்களின் உழைப்பு, உணவு, சுற்றுச்சூழல் ஆகியவற்றை ஒருசேர அளந்து, நம் பதிவேடுகளோடு இணைத்து ஆராயும் நெடுங்கால ஆய்வுகள் பெருகுமானால், மேலைநாட்டுத் தரவுகள் விடையளிக்காத வினாக்களுக்கும் விடை கிடைக்கும். அப்பணி இன்றைய மாணவர்களுக்காகக் காத்திருக்கிறது.